சொந்தச் சிந்தனை உண்டா? யோசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“புதிதாகச் சொல்ல இனி என்ன மிச்சம் இருக்கிறது?” என்று யாராவது பெருமூச்சு விட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். ‘புதிது’ என்று எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். எதையும் சாராமல் வெற்றிடத்தில் முளைத்ததைச் சொல்கிறார் என்றால், மொழி கற்ற எவருக்கும் சொந்தச் சிந்தனை கிடையாது. சிந்திக்கும் சொல்லே பிறர் தந்ததுதானே! விடையைக் கேள்விக்குள் ஒளித்து வைத்துவிட்டு ஏங்குவது முதல் தவறு.

ஒரே எண்ணம் இருவருக்குத் தோன்றினால் அது இருவருக்குமே சொந்தமில்லை என்று முடிவுகட்டுவது அடுத்தது. 1838இல் ஆங்கிலப் பொருளியலாளர் மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரையைப் படித்தார் சார்லஸ் டார்வின். உணவைவிட வேகமாக மக்கள் பெருகுவார்கள் என்ற வாதம், சூழலுக்குப் பொருந்தியவையே பிழைத்துப் பெருகும் என்ற இயற்கைத் தேர்வுக் கருத்துக்கு அவரை இட்டுச்சென்றது. இருபது ஆண்டுகள் கழித்து, இன்றைய இந்தோனேசியத் தீவு ஒன்றில் காய்ச்சலில் கிடந்த இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸுக்கு, எப்போதோ படித்த அதே மால்தஸ் நினைவுக்கு வந்தார். முடிவும் அதேதான். 1858 ஜூலை 1 அன்று இயற்கையியல் அறிஞர்களின் லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டன. எண்ணம் காற்றில் மிதந்தது, இவர்கள் கைநீட்டிப் பிடித்தார்கள் என்பார்கள். சோம்பேறி விளக்கம் இது. மால்தஸை எத்தனையோ பேர் படித்தார்கள். மனிதரின் வறுமையைப் பற்றிய வாதத்தை வண்டுக்கும் பறவைக்கும் பொருத்திப் பார்க்க, ஆண்டுக்கணக்கில் வண்டு சேகரித்த இந்த இருவரைப் போன்ற கண் வேண்டியிருந்தது.

‘எனக்கே தோன்றியது’ என்ற உணர்வையும் சான்றாகக் கொள்ளாதீர்கள். பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் பதினொரு வயதில் எழுதி 1892இல் அச்சான கதை, வேறொருவரின் கதையைப் பெரிதும் ஒத்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அவர் கையில் எழுத்தெழுத்தாக அது வாசித்துக் காட்டப்பட்டிருந்ததாகத் தெரிகிறது. வாசித்தது மறந்தது, கதை தங்கிவிட்டது. பாவம், அந்தச் சிறுமி திருடவில்லை. உளவியலில் இதன் பெயர் கிரிப்டோம்னீசியா.

இதற்குப் பயந்து, தனித்தன்மை கெட்டுவிடும் என்று படிப்பதையே நிறுத்துகிறவர்களும் உண்டு. தன் எண்ணம் எவ்வளவு பழையது என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

நன்னூல் இந்தக் குழப்பத்தில் சிக்கவில்லை. எதையும் சாராத முதனூலை ‘வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவ’னுக்கு, அதாவது இறைவனுக்கு, ஒதுக்கிவிட்டது. முன்னோர் முடிவை ஏற்று, ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’, அதாவது பின்வந்தவர் விரும்பும் மாறுபாடு, கூறுவதை வழிநூல் என்றது. டார்வினையும் வாலஸையும் நான் தயங்காமல் அந்த வரிசையில்தான் வைப்பேன்.