குட்டி யானையா, பெரிய பிக்கப்பா? கடலூர், புதுச்சேரியில் சரக்கு வண்டி எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

"பெரிய வண்டியாவே எடுத்துடு, என்னைக்காவது உதவும்" என்று சொல்கிறவர் மாசா மாசம் உங்கள் டியூவைக் கட்டப் போவதில்லை. "சின்னதே போதும், கொஞ்சம் கூடுதலா ஏத்திக்கலாம்" என்கிறவரும் நடு ரோட்டில் ஸ்பிரிங் பட்டை ஒடிந்து நிற்கும்போது வர மாட்டார். இரண்டு பேச்சையும் ஒதுக்கிவிட்டு எடை மேடையிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் எது எந்த வகை என்று பார்த்துவிடுவோம். 2005-ல் வந்த டாடா ஏஸ்தான் ஊர் வாயில் குட்டி யானை. அது ஏறத்தாழ 750 கிலோ சுமக்கும். மாருதி சூப்பர் கேரியும் அதே வகுப்புதான். அடுத்த படியில் தோஸ்த், இன்ட்ரா. இவை 1.2 முதல் 1.5 டன் வரை. அதற்கும் மேலே பொலேரோ பிக்கப்பின் 1.7 டன் மாடல்கள், படா தோஸ்த், யோதா. ஷோரூமில் பெயரைச் சொல்லித்தான் விற்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மூன்று எண்கள்: வெற்று எடை, மொத்த எடை, சரக்கு ஏற்றும் தொட்டியின் உள் நீளம்.

விளம்பர எடையில் எவ்வளவு கழியும்

ஆர்சியில் இருக்கும் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் அந்த வண்டி சட்டப்படி சுமக்கக்கூடிய அளவு. ஆனால் அது முழுவதும் சரக்குக்கு இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மொத்த எடை 2,990, வெற்று எடை 1,690 என்றால் மீதி 1,300 கிலோ. இதில் இரும்புக் கூண்டு 90 கிலோ, தார்ப்பாய், கயிறு, ஜாக்கி எல்லாம் சேர்த்து 25, டிரைவரும் கூட ஒரு ஆளும் 140. மிச்சம் 1,045 கிலோதான். 1.3 டன் வண்டி வாங்கியதாக நினைப்பவருக்குக் கையில் இருப்பது ஒரு டன்னும் கொசுறும்.

பழைய வண்டி பார்க்கிறீர்கள் என்றால் இந்த ஊகமே வேண்டாம். கூண்டோடு, டேங்க் நிரப்பி, டிரைவர் உட்கார்ந்தபடியே ஒரு எடை மேடையில் ஏற்றி எடுத்துவிடுங்கள். ஆர்சியில் உள்ள வெற்று எடைக்கும் மேடைச் சீட்டுக்கும் 150 கிலோ வித்தியாசம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். உள்ளூர்ப் பட்டறையில் கனத்த ஆங்கிள் போட்டுக் கட்டிய பாடி அவ்வளவு இழுக்கும். சிஎன்ஜி வண்டியில் சிலிண்டர் எடையும் இதே கணக்கில்தான் போகிறது. சூப்பர் கேரி பெட்ரோலில் 740 கிலோ தாங்கும், சிஎன்ஜியில் அதுவே 625.

உங்கள் லோடு எது?

மீன் லோடுதான் பலரும் ஏமாறுகிற இடம். நம்ம ஊர் வெயிலில் ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு ஐஸ் போட வேண்டும். கடலூர் முதுநகரிலோ தேங்காய்த்திட்டிலோ 500 கிலோ மீன் எடுத்தால் ஐஸ் இன்னொரு 500. 25 கிலோ கொள்ளும் பெட்டி நாற்பது, காலிப் பெட்டி ஒன்று இரண்டரை கிலோ என்றால் அதுவே 100 கிலோ. ஆக 1,100. மேலே பார்த்த 1.3 டன் வண்டியிலேயே இது இடிக்கிறது. குட்டி யானையில் கூண்டும் இரண்டு ஆளும் போக 550 கிலோ கிடைத்தால், மீன் 250 கிலோதான் ஏற்ற முடியும். அதற்குக் குறைவாக எடுத்து தெருத்தெருவாக விற்பவருக்கு அது சரி. ஏலத்தில் எடுத்து வெளியூர் அனுப்புகிறவர் 1.7 டன்னுக்குக் கீழே பார்க்கவே வேண்டாம்.

பண்ருட்டி பலாப்பழம் வேறு மாதிரி ஏமாற்றும். பழம் ஒன்று சராசரி 12 கிலோ என்று வைத்தால் அறுபது பழத்திலேயே 720 கிலோ வந்துவிடும். அந்த அறுபது பழம் குட்டி யானையின் கூண்டில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிறைக்காது. மேலே காலியாகத் தெரிகிறதே என்று இன்னும் நாற்பதைத் தூக்கிப் போடுவார்கள். கண்ணால் பார்த்து லோடு ஏற்றுகிற பழக்கம் உள்ள ஆட்களிடம் சின்ன வண்டியைக் கொடுத்தால் அது சீசன் தாண்டாது. முந்திரிக் கொட்டையில் இந்தக் குழப்பம் இல்லை. 80 கிலோ மூட்டை என்பதால் எண்ணிவிடலாம்: கூண்டும் ஆளும் போக ஆறு மூட்டை குட்டி யானைக்கு, பதின்மூன்று அந்த 1.3 டன்னுக்கு.

பைப், சவுக்கு, கம்பி ஏற்றுகிறவர்கள் நீளத்துக்காகவே பெரிய வண்டி கேட்பார்கள். இருபதடி பைப் பத்தடி தொட்டியிலும் அடங்காது, ஏழேகாலடியிலும் அடங்காது. அந்த ஒரு காரணத்துக்காகப் பெரிதாக எடுத்துப் பயனில்லை. அளவுக்கு மீறி முன்னாலோ பின்னாலோ பக்கத்திலோ நீட்டிக்கொண்டு போனால் 20,000 ரூபாய் அபராதம். ஓவர்லோடுக்கும் அடிப்படை அபராதம் அதே 20,000, அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

சோபா, பீரோ, தண்ணீர்த் தொட்டி, மெத்தை போன்றவற்றில் எடை குறைவு, இடம்தான் பெரிது. வீடு மாற்றுகிற வாடகைக்குப் பெரிய தொட்டி வேண்டும், பெரிய டன் வேண்டாம்.

ஒரு நோட்டில் முப்பது நாள் லோடு எடையை எழுதுங்கள். அதில் இருபத்தைந்து நாள் எந்த எடைக்குள் வருகிறதோ அதற்கு வண்டி எடுங்கள். மிச்ச ஐந்து நாளுக்கு வாடகை வண்டி பிடித்தாலே லாபம்.

"எக்ஸ்ட்ரா பட்டை போட்டுக்கலாம்" என்பது இங்கே எல்லாப் பட்டறையிலும் கிடைக்கும் யோசனை. பட்டை கூட்டினால் வண்டி பின்பக்கம் உட்காராது, அவ்வளவுதான். பிரேக் டிரம் அதே அளவு, கிளட்ச் பிளேட் அதே, ஆக்ஸில் பேரிங் அதே, 145 ஆர்12 டயரும் அதே. உட்காராத வண்டியைப் பார்த்துவிட்டு இன்னும் நான்கு மூட்டை ஏறும். முதலில் கிளட்ச் போகும், அப்புறம் ஹப் பேரிங், கடைசியில் சேசிஸில் பட்டை மாட்டும் இடத்தில் விரிசல். தவிர, காலியாக ஓடும்போது குதிக்கிற குதியில் பாடி வெல்டிங் விட்டுக்கொண்டே இருக்கும்.

தெருவும் டீசலும்

டேப் எடுத்துக்கொண்டு நீங்கள் தினமும் போகிற இடத்தில் மிகக் குறுகிய சந்தின் அகலத்தை அளந்துவிடுங்கள். ஏஸ் கோல்டின் அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், திரும்பும் ஆரம் 4.3 மீட்டர். பெரிய பிக்கப்புக்கு அகலத்தில் ஒரு சாணும், திரும்ப ஒரு மீட்டருக்கு மேலும் கூடுதலாக வேண்டும். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டைச் சுற்றியோ திருப்பாதிரிப்புலியூர் கடைத் தெருவிலோ காலை ஒன்பது மணிக்கு இந்த ஒரு மீட்டர்தான் மூன்று தடவை ரிவர்ஸ் எடுப்பதா, ஒரே வளைவில் போய்விடுவதா என்று தீர்மானிக்கும். ஒரு நாளில் பதினைந்து கடைக்கு இறக்குகிறவருக்குச் சின்ன வண்டிதான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சிப்காட்டிலோ சேதராப்பட்டிலோ ஏற்றி ஒரே இடத்தில் இறக்குகிறவருக்கு இந்தப் பத்தியே தேவையில்லை.

டீசல் கணக்கை லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு டன்னை நூறு கிலோமீட்டர் கொண்டுபோக எத்தனை லிட்டர் ஆகிறது என்று பாருங்கள். சின்னது 18 கிலோமீட்டர் கொடுத்து 700 கிலோ சுமக்கிறது, பெரியது 12 கொடுத்து 1,500 கிலோ சுமக்கிறது என்று வைப்போம். சின்னதில் டன்னுக்கு 8 லிட்டர், பெரியதில் ஐந்தரைக்குச் சற்று மேல். அதே பெரிய வண்டி 700 கிலோவோடு ஓடினால் 12 லிட்டரை நெருங்கும். இந்தக் கணக்கில் சராசரி லோடு ஒரு டன்னைத் தாண்டினால்தான் பெரிய வண்டி டீசலில் சம்பாதிக்கும். ரிட்டன் லோடு இல்லாமல் காலியாகத் திரும்புகிறவர் இதை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும்.

இன்ஜின் பவருக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். கேப்பர் மலை ஏற்றத்தை விட்டால் இந்தப் பக்கம் எல்லாம் சமதரைதான். அந்தப் பணத்தை அடித்தளத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடிப்பதில் போடுங்கள்.

3,000 கிலோ கோடு

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவுப்படி பர்மிட் தேவையில்லை. பல மாடல்கள் இந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பதற்குக் காரணம் இதுதான். கோட்டைத் தாண்டினால் பர்மிட் வேண்டும். முள்ளோடை தாண்டினாலே வேறு மாநிலம் என்பதால், நேஷனல் பர்மிட்டுக்கான ஆண்டுக் கூட்டுக் கட்டணம் 16,500 ரூபாயையும் பெரிய வண்டியின் செலவில் சேர்த்துவிடுங்கள்.

இன்சூரன்ஸில் பலர் நினைப்பது போல வித்தியாசம் இல்லை. 2022 ஜூன் முதல் வந்த அட்டவணையில் 7,500 கிலோ வரையுள்ள வாடகை சரக்கு வண்டி எல்லாவற்றுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு ஒரே தொகை: 16,049 ரூபாய், வரி தனி. குட்டி யானைக்கும் அதுதான், 1.7 டன்னுக்கும் அதுதான். லைசென்ஸும் அப்படியே. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னபடி, சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸே 7,500 கிலோ வரை செல்லும். எஃப்சி எனும் தகுதிச் சான்று வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும்.

உப்பு

இந்தக் கரையோரத்தில் வண்டியைக் கொல்வது கிலோமீட்டர் இல்லை, உப்பு. ஐஸ் உருகி மீன் தண்ணீரோடு சேர்ந்து தொட்டியின் தகடு இணைப்பு வழியே கீழே சொட்டும். அது விழுகிற இடம் பெரும்பாலும் பின் ஆக்ஸில் மேல் போகும் பிரேக் பைப், பட்டைக் கொக்கி, குறுக்குச் சட்டம், பின் லைட் ஒயர் இணைப்பு. பாடி கட்டும் முன்பே சேசிஸுக்குப் பூச்சு அடித்துவிட வேண்டும். கட்டிய பிறகு அடித்தால் தொட்டிக்கும் சேசிஸுக்கும் நடுவே எட்டாது. தரையில் பின்பக்கம் சற்றுச் சரிவு விட்டு, ஒரு மூலையில் ஓட்டை போட்டு, ரப்பர் குழாயில் கேனுக்கு இறக்குங்கள். அலுமினியத் தகடு போடுகிறீர்கள் என்றால் இரும்புச் சட்டத்தோடு நேராகத் தொடவிடாமல் நடுவே ரப்பர் பட்டை வையுங்கள். உப்புத் தண்ணீர் பட்டால் இரண்டு உலோகமும் சேருகிற இடம் சீக்கிரம் அரிக்கும்.

ட்ரிப் முடிந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கரையோரத்தில் உங்கள் போர் தண்ணீரே உப்பாக இருந்தால் கழுவி என்ன பயன், வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டுக் கழுவுங்கள்.

பழைய வண்டி பார்க்கும்போது சின்ன சுத்தியும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துப் போங்கள். சேசிஸைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்கிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். புதிதாகக் கருப்புப் பெயின்ட் அடித்த சேசிஸ் என்றால் இன்னும் அழுத்திக் குத்துங்கள். பிஒய் (புதுச்சேரிப் பதிவு) வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்றுவதாக இருந்தால் என்ஓசி, இங்கே கட்ட வேண்டிய வரி, ஃபைனான்ஸ் ரத்துக்கான படிவம் 35 மூன்றும் கைக்கு வந்த பிறகே முழுப் பணம். விலை பேசும்போது 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதை நினைவில் வையுங்கள். விற்கிறவர் பழைய ஷோரூம் விலையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்.

2024 நவம்பர் 30-ல் கரையேறிய ஃபெஞ்சல் புயலிலும் அதையடுத்த தென்பெண்ணை வெள்ளத்திலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னும் கைமாறுகின்றன. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஃபியூஸ் பெட்டியில் பச்சைக் களிம்பு, ஹெட்லைட் கண்ணாடிக்குள் ஒரு கோடு இவற்றையும் பாருங்கள். கடைசியாக ஒரு மெக்கானிக்கை வைத்து பின் ஆக்ஸிலின் நடுவே உள்ள கிரவுன் ஆயில் நட்டைத் தளர்த்தி நாலு சொட்டு எடுக்கச் சொல்லுங்கள். டீக்கடை டீ நிறத்தில் கலங்கி வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.