கேம்பர்வேனும் கடலோர நடையும்: பெம்ப்ரோக்‌ஷயரில் முதல் ஆறு இரவுகள்

முதன்முதலாக கேம்பர்வேன் (படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்தபோது ஆறு இரவுகளுக்கு ஐந்து கேம்ப்சைட்டுகளை முன்பதிவு செய்தேன். தினமும் காலையில் படுக்கையைச் சுருட்டு, பாத்திரங்களைக் கட்டு, மின்கம்பியைப் பிடுங்கு, அடுத்த ஊருக்கு ஓட்டு. கடலைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததுதான் அதிகம். மறு வருடம் அதே கரைக்குப் போனபோது இரண்டே இடங்கள், தலா மூன்று இரவுகள். வண்டி நின்றது, நாங்கள் நடந்தோம். முதன்முறை போகிறவர்கள் என் முதல் வருடத்தைத் தாண்டி நேராக இரண்டாவது வருடத்துக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடம் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், தென்மேற்கு மூலையில் இருக்கும் பெம்ப்ரோக்‌ஷயர். 1952-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கரை இது. 1970-இல் திறக்கப்பட்ட கடலோர நடைபாதை வடக்கே செயின்ட் டோக்மெல்ஸிலிருந்து தெற்கே ஆம்ராத் வரை 186 மைல், அதாவது ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போகிறது. வழியில் உள்ள ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் எவரெஸ்ட்டின் உயரத்தைத் தாண்டிவிடும். பயப்பட வேண்டாம், நாம் நடக்கப்போவது அதில் மிகச் சிறிய துண்டுகள்.

படி 1: மாதத்தையும் இரண்டு தங்குமிடங்களையும் முடிவு செய்யுங்கள்

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை என் முதல் தேர்வு. பாறை விளிம்பெல்லாம் இளஞ்சிவப்பு த்ரிஃப்ட் பூக்கள். ஜூனில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். செப்டம்பரும் நல்ல மாதம். கோடை முழுதும் சூடேறிய கடல் அப்போதுதான் கால் வைக்க விடும். ஜூலை கடைசியும் ஆகஸ்டும் பள்ளி விடுமுறை, கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும்.

தெற்கே போஷர்ஸ்டன் அல்லது ஸ்டாக்போல் பக்கம் ஓர் இடம், வடக்கே செயின்ட் டேவிட்ஸ் பக்கம் ஓர் இடம். கேம்ப்சைட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, வாசலிலிருந்து கடலோரப் பாதைக்கு நடந்தே போக முடியுமா என்பதுதான். குளியலறை எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் அப்புறம். அடுத்து, மின் இணைப்பு உள்ள பிட்சா (பிட்ச் என்பது நம் வண்டிக்கு ஒதுக்கப்படும் இடம்), புல்தரையா கல்தரையா என்று பாருங்கள். மழை வாரத்தில் புல்தரையில் கனமான வண்டியின் சக்கரம் புதைந்துவிடும்.

கடற்கரை கார் நிறுத்துமிடத்திலேயே இரவு தூங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தங்கும் உரிமை வேல்ஸில் கிடையாது. பெரும்பாலான நிறுத்துமிடங்களில் இரவுத் தங்கலுக்குத் தடை என்றே பலகை இருக்கும்.

படி 2: சிறிய வண்டியாக எடுங்கள்

நாலு பேர் குடும்பம் என்றதும் ஏழு மீட்டர் வண்டியைப் பார்க்கத் தோன்றும். இந்தக் கரையின் சாலைகளுக்கு அது வேண்டாம். ஆறு மீட்டருக்குள், மேற்கூரை தூக்கி இறக்கும் வகை போதும். கூரையை இறக்கிவிட்டால் உயரம் இரண்டு மீட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பல கடற்கரை நிறுத்துமிடங்களின் வாயிலில் உயரத்தடுப்புக் கம்பி இருப்பதால் இது பெரிய விஷயம். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங் அருகே ஒட்டிவிடுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சுற்றுலா வருகிறவர்கள் தங்கள் ஊர் உரிமத்திலேயே 12 மாதம் வரை, 3,500 கிலோ எடைக்கு மேற்படாத வண்டியை இங்கே ஓட்டலாம். வாடகை நிறுவனங்கள் வயது, அனுபவம் என்று தனியாக நிபந்தனை வைப்பார்கள், அதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

வண்டியை ஒப்படைக்கும்போது அவர்கள் காட்டுவதையெல்லாம் கைபேசியில் வீடியோ எடுங்கள். தண்ணீர் எங்கே ஊற்றுவது, கழுவிய நீரை எங்கே திறந்துவிடுவது, கழிவறைப் பெட்டியை எப்படி இழுப்பது, கேஸ் வால்வு எங்கே, கூரையின் கொக்கி எப்படி மாட்டுவது. கேட்கும்போது எளிதாகத் தோன்றும். இரவு பத்து மணிக்கு மழையில் ஒன்றும் நினைவுக்கு வராது. கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

படி 3: ஓட்டும் நாள்

லண்டனிலிருந்து எம்4 நெடுஞ்சாலையை அது முடியும் வரை பிடித்து, பிறகு ஏ48, ஏ40. செயின்ட் டேவிட்ஸ் பக்கம் போய்ச்சேர ஏறக்குறைய 250 மைல். இடைநிறுத்தங்களோடு ஆறு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். செவர்ன் பாலத்துக்கு 2018 டிசம்பரிலிருந்து சுங்கம் இல்லை. வேல்ஸில் தெருவிளக்கு உள்ள ஊர்ச்சாலைகளில் 2023 செப்டம்பர் முதல் பொதுவான வேக வரம்பு மணிக்கு 20 மைல். எரிபொருளையும் மளிகையையும் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் போன்ற பெரிய ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

கடைசி ஐந்து மைல்தான் புதியவர்களைப் பதற வைக்கும். இருபுறமும் ஆள் உயர வேலி, நடுவில் ஒரே ஒரு வண்டி போகும் அகலம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடத்துக்கு யார் அருகில் இருக்கிறார்களோ அவர்கள் பின்னால் போவார்கள். ஆகவே ஒவ்வோர் ஒதுங்கும் இடத்தையும் கடக்கும்போது மனதில் குறித்துக்கொண்டே போக வேண்டும். வாடகை வண்டியை எடுத்த அன்றே ஏதாவது காலி நிறுத்துமிடத்தில் பக்கக் கண்ணாடிகளை மட்டும் பார்த்து இருபது நிமிடம் ரிவர்ஸ் பழகுங்கள். வழிவிட்டவருக்குக் கை தூக்கி நன்றி சொல்வது இங்கே மரபு.

படி 4: பிட்சில் வண்டியை நிறுத்துவது

முதலில் சமன். ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்தால் எந்தப் பக்கம் தாழ்வு என்று தெரிந்துவிடும். தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் அடியில் பிளாஸ்டிக் ஆப்பை வைத்து ஏற்றுங்கள். சரிவில் தூங்கினால் காலையில் தலைவலிதான் மிஞ்சும்.

மின் இணைப்பில் வரிசை முக்கியம். கம்பிச்சுருளை முழுவதும் பிரித்துவிடுங்கள், சுருட்டியபடியே பயன்படுத்தினால் சூடேறும். முதலில் வண்டிப் பக்க முனை, அதன் பிறகே கேம்ப்சைட் கம்பத்தின் முனை. கிளம்பும்போது கம்பத்திலிருந்து முதலில் பிடுங்க வேண்டும். 10 ஆம்பியர் இணைப்பு என்றால் 230 வோல்ட்டில் 2,300 வாட் வரைதான் தாங்கும். வீட்டு மின்கெட்டில் 3,000 வாட் இழுக்கும், மாட்டிய நிமிடமே ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றுவிடும். குறைந்த வாட் கெட்டில், இல்லையென்றால் அடுப்பு.

வண்டி ஓட்டும்போது கேஸ் வால்வை மூடிவையுங்கள். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துச் சூடேற்றுவது மட்டும் எக்காலத்திலும் கூடாது. பெரிய காற்று வருமென்று வானிலை சொன்னால் கூரையை இறக்கிவிட்டுக் கீழேயே படுங்கள்.

படி 5: சமையல்

எங்கள் வழக்கம் இது: வீட்டிலேயே புளிக்காய்ச்சல் ஒரு புட்டி, இட்லிப் பொடி, ஊறுகாய், இரண்டு லிட்டர் பிரஷர் குக்கர். சாதம் வடித்துப் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் மறுநாள் நடைக்கும் கட்டிக்கொள்ளலாம். மிளகாய் தாளிப்பதை வண்டிக்குள் செய்யாதீர்கள். நெடி மெத்தையில் ஏறினால் வாரம் முழுக்கப் போகாது. வெளியே சின்ன கேஸ் அடுப்பு, காற்றுக்கு ஒரு மறைப்பு.

படி 6: ஓதத்தை, அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை, படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சென்னைக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைச் சுற்றியே இருப்பதால் நாம் அதைக் கவனித்து வளரவில்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஆறு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். இரண்டு மாடி உயரம். மதியம் அரை மைல் அகலமாகக் கிடந்த மணல் மாலையில் இருக்காது, பாறையைச் சுற்றிப் போன வழியும் இருக்காது.

ஓத நேர அட்டவணையில் ஒரு நாளுக்கு இரண்டு ஏற்றமும் (கடல் மிக உயர்ந்து நிற்கும் நேரம்) இரண்டு வற்றும் (மிகத் தாழ்ந்து நிற்கும் நேரம்) இருக்கும். ஒன்றிலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆகவே நேரம் தினமும் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும். கடல் ஒரே சீராக ஏறுவதில்லை. வற்றிய பின் முதல் மணி நேரத்தில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. முதல் ஒரு மணி நேரம் அசையாததுபோல் இருக்கும் கடல் மூன்றாவது மணியில் விறுவிறுவென்று வரும். எனவே மணலில் நடப்பதை வற்றுக்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சில அட்டவணைகள் கோடையிலும் கிரீன்விச் நேரத்தையே போட்டிருக்கும். கோடையில் இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால் அதோடு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இதில் நான் தவறியிருக்கிறேன். சாண்டி ஹேவன் என்ற கழிமுகத்தை வற்றுக்கு இரண்டரை மணி முன்னும் பின்னும்தான் கடக்கலாம். அட்டவணையில் வற்று 12 மணி என்றிருந்தது. பத்து மணிக்குப் போய் நின்றால் கடவை தண்ணீருக்கு அடியில். ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து மகளையும் அழைத்துக்கொண்டு நான்கு மைல் சுற்றிப் போனோம். உண்மையில் வற்று ஒரு மணிக்கு. அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தால் கடல் தானே வழிவிட்டிருக்கும்.

படி 7: முதல் வாரத்துக்கு மூன்று நடைகள்

தெற்கில் இருக்கும்போது போஷர்ஸ்டன் சுற்று. சுமார் ஆறு மைல், குழந்தைகளோடு நான்கு மணி நேரம். ஊரிலிருந்து அல்லிக்குளங்களின் ஓரமாகக் கிளம்புங்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டாக்போல் மாளிகைக்காரர்கள் ஓடையை அணைகட்டித் தேக்கத் தொடங்கியதில் உண்டான குளங்கள் இவை. மாளிகையை 1963-இல் இடித்துவிட்டார்கள், குளமும் அல்லியும் நீர்நாய்களும் இருக்கின்றன. ஜூனில் பூ நிறைந்திருக்கும். குளம் முடிகிற இடத்தில் திடீரென்று பிராட் ஹேவன் மணல். அங்கிருந்து பாறை மேலேறி ஸ்டாக்போல் முனை வழியாக பராஃபண்டில் விரிகுடா. அங்கே கார் போகாது, கடை கிடையாது, கழிவறை கிடையாது. அதனால்தான் அது அப்படியே இருக்கிறது. சோற்றுப் பொட்டலத்தை இங்கே பிரியுங்கள். ஸ்டாக்போல் கீ படகுத்துறையில் தேநீர் கிடைக்கும். பிறகு உள்நாட்டு வழியாக எட்டு வளைவுப் பாலத்தைக் கடந்து குளங்களுக்கே திரும்பலாம். பிராட் ஹேவனுக்கு மேற்கே பாறைப் பிளவுக்குள் செயின்ட் கோவன் சிற்றாலயம் இருக்கிறது. கட்டாயம் பார்க்க வேண்டியது. ஆனால் அது ராணுவப் பயிற்சித் திடலின் ஓரம், சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக் கூடாது.

தெற்கிலிருந்து வடக்குக்கு இடம் மாறும் நாளில் மார்ட்டின்ஸ் ஹேவனுக்கு விலகி, டியர் பார்க் முனையை ஒரு மணி நேரத்தில் சுற்றுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை கீழேயுள்ள கூழாங்கல் கரைகளில் வெள்ளை ரோமத்தோடு சாம்பல் சீல் குட்டிகள் படுத்திருக்கும். மேலிருந்து அமைதியாகப் பாருங்கள், இறங்காதீர்கள். தாய் பயந்தால் குட்டியை விட்டுப் போய்விடும். எதிரே தெரிவது ஸ்கோமர் தீவு. ஏப்ரல் முதல் ஜூலை வரை பஃபின் பறவைகள் அங்கே வளைதோண்டிக் குஞ்சு பொரிக்கும். தீவில் இறங்க முன்பதிவு தேவை.

வடக்கில் வைட்சாண்ட்ஸிலிருந்து செயின்ட் டேவிட்ஸ் முனை, நான்கு மைல். முனையில் கோய்ட்டன் ஆர்தர் என்ற புதிய கற்காலக் கல்லறை ஒன்று, மேற்கல் ஒரு புறம் சாய்ந்து நிற்கிறது. திரும்பும்போது கார்ன் லிடி பாறைக்குன்றில் ஏறுங்கள். 181 மீட்டர்தான், கடைசியில் கையும் ஊன்ற வேண்டும். தெளிந்த நாளில் அயர்லாந்தின் மலைகள் தெரியும்.

பாதையில் ஏகோர்ன் (ஓக் மரக் கொட்டை) குறி உள்ள கம்பங்கள் வழி காட்டும். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடம் ஓ.எல். 35 வடக்குக்கு, ஓ.எல். 36 தெற்குக்கு. கைபேசி சிக்னல் பல விரிகுடாக்களில் இருக்காது, தாள் வரைபடம் வையுங்கள். விளிம்பின் புல் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கலாம், இரண்டு ஆள் தூரம் தள்ளியே நில்லுங்கள். ஆபத்து என்றால் 999 அழைத்துக் கோஸ்ட்கார்டு (கடலோர மீட்புப் படை) என்று கேட்க வேண்டும்.

ஒரு திசையாக நடக்க ஆசை வந்தால் கடலோரப் பேருந்தை நம்புங்கள். ஊர்ப்புறத்தில் பாதுகாப்பான இடத்தில் நின்று கை காட்டினால் நிறுத்துவார்கள். கோடையில் அடிக்கடி, குளிர்காலத்தில் குறைவு. பேருந்தில் முதலில் தூரத்து முனைக்குப் போய்விட்டு வண்டி நிற்கிற பக்கம் நடந்து வாருங்கள். அப்போது கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை.

படி 8: திருப்பிக் கொடுக்கும் காலை

கழிவறைப் பெட்டியைக் கேம்ப்சைட்டிலேயே அதற்கான இடத்தில் காலி செய்து கழுவுங்கள். கழுவிய நீர்த் தொட்டியையும் அங்கேயே. எரிபொருளை நிரப்பி ரசீதை வையுங்கள். வண்டியை நான்கு பக்கமும் படம் எடுங்கள். கதவுத் தடத்தில் மணல் நிறைந்திருக்கும், சின்னத் தூரிகையால் தள்ளிவிடுங்கள். கூரைக் கொக்கி மாட்டியிருக்கிறதா, மின்கம்பி உள்ளே இருக்கிறதா, கேஸ் மூடியிருக்கிறதா என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் கைவைத்துப் பார்த்த பிறகே சாவியைத் திருகுங்கள்.