ஐ-80 வழியாக மேற்கே: காரிலேயே ஊர் மாறுபவர்களுக்கு

நியூ ஜெர்சியில் வேலைக்கு வந்து சேர்ந்து, பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காமல் கலிபோர்னியாவுக்கு மாறிப்போகிறவர்கள் நம்மில் நிறைய. காரை லாரியில் ஏற்றிவிட்டு விமானத்தில் போ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கையில் ஒரு வாரம் இருக்கிறது, மாதமும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் என்றால், ஓட்டிக்கொண்டே போங்கள் என்பேன் நான். பார்சிப்பனியைத் தொட்டுப் போகும் அதே ஐ-80 நெடுஞ்சாலைதான் சான் ஃபிரான்சிஸ்கோவில் போய் முடிகிறது. சுமார் 2,900 மைல், 11 மாநிலங்கள், நான்கு நேர மண்டலங்கள். சோபா, கட்டில், குழந்தையின் பள்ளிக்கூடம் எல்லாம் வந்த பிறகு இந்தப் பயணம் நடக்காது.

ஒரு நாளைக்கு 500 மைலுக்கு மேல் திட்டம் போடாதீர்கள். அதுவே 800 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போவதைவிட அதிகம். ரோடு நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆபத்தே அதுதான்: வளைவில்லாத சாலையில் க்ரூஸ் கன்ட்ரோல் போட்டுவிட்டால் கண் தானாகச் சொருகும். ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தி அரை மணி நேரம் தூங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒஹாயோ, இண்டியானா இரண்டிலும் இந்தச் சாலை பெரும்பாலும் சுங்கச்சாலை. நியூ ஜெர்சியில் வாங்கிய ஈஸி-பாஸ் (நம் ஊர் ஃபாஸ்டேக் மாதிரி) அங்கும் செல்லும். அயோவாவில் வால்காட் என்ற இடத்தில், உலகிலேயே பெரியது என்று சொல்லிக்கொள்ளும் லாரி நிறுத்தம் ஒன்று இருக்கிறது. காபிக்காவது இறங்குங்கள். இந்த நாட்டின் சாமான்கள் எப்படி ஊர் ஊராகப் போகின்றன என்பது அங்கே புரியும்.

மைல் எண்கள் ஒவ்வொரு மாநிலத்தின் மேற்கு எல்லையிலிருந்து தொடங்குகின்றன. எக்ஸிட் எண்களும் அதை ஒட்டியே. மேற்கே போகிற உங்களுக்கு அது குறைந்துகொண்டே வரும். நெப்ராஸ்காவில் 455 அளவில் தொடங்கும். சோளக்காட்டு நடுவே அந்த எண்தான் பேச்சுத்துணை.

வயோமிங் வேறு கதை. ஷையனுக்கும் லாரமிக்கும் இடையில் 8,640 அடி உயரத்துக்கு ஏறுகிறீர்கள். இந்தச் சாலையிலேயே அதுதான் உச்சி, லிங்கனின் பெரிய வெண்கலத் தலை ஒன்று அங்கே நிற்கிறது. காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும். குளிர்காலத்தில் சாலைக்குக் குறுக்கே கேட் போட்டு மூடிவிடுவார்கள், அப்புறம் திறக்கும்வரை கிடைத்த மோட்டல்தான். பெட்ரோல் டேங்க் பாதிக்கு வந்ததும் நிரப்பிவிடுங்கள். இந்த மலை மாநிலங்களில் 85 ஆக்டேன் தரப் பெட்ரோலும் விற்பார்கள். உங்கள் கார் 87 கேட்டால் 87தான் போட வேண்டும். பம்ப் ஜிப் கோடு (இங்கத்திய பின்கோடு) கேட்டு இந்திய வங்கி அட்டையை மறுத்தால், உள்ளே போய் பம்ப் எண்ணைச் சொல்லி முன்பணம் கட்டினால் வேலை முடிந்தது.

போலீஸ் பின்னால் விளக்குப் போட்டால் வலது ஓரம் நிறுத்துங்கள். இறங்கி அவரிடம் நடந்து போவது நம் ஊர்ப் பழக்கம்; இங்கே அதைச் செய்யவே கூடாது. உட்கார்ந்த இடத்திலேயே, கை இரண்டும் ஸ்டீயரிங் மேல் தெரியும்படி இருங்கள். கேட்ட பிறகு காகிதத்தை எடுங்கள். பாஸ்போர்ட்டும் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) நகலும் பெட்டிக்குள் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வழியில் ஓரமாகப் போலீஸ் வண்டி விளக்குப் போட்டு நின்றால், முடிந்தால் ஒரு லேன் தள்ளிப் போவது சட்டம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு நடுப்பகுதி கொஞ்சம் வறட்சிதான். மெக்சிகன் கடையில் பீன்ஸில் பன்றிக்கொழுப்பு உண்டா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பஞ்சாபி லாரி ஓட்டுநர்கள் பெருகியதால் சில லாரி நிறுத்தங்களில் தாபா வந்துவிட்டது. பருப்பும் சப்பாத்தியும் கிடைத்தால் அன்றைக்கு யோகம். சிறு ஊர் மோட்டல் பலவற்றில் கவுன்ட்டரில் இருப்பவர் குஜராத்திக்காரர். எதற்கும் சின்ன ரைஸ் குக்கர், ஊறுகாய், புளிக்காய்ச்சல் எடுத்துக்கொள்ளுங்கள்.

யூட்டாவின் மேற்கு முனையில் போனவில் உப்புச் சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் இறங்காதீர்கள். அதைத் தாண்டினால் நெவாடா, பல மைலுக்கு சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்திருங்கள்.

கலிபோர்னியாவுக்குள் நுழைந்ததும் ட்ரக்கியில் விவசாயச் சோதனைச் சாவடி. பழம், செடி இருக்கிறதா என்று கேட்பார்கள், உள்ளதைச் சொல்லிவிடுங்கள். ஆசை ஆசையாக வளர்த்த கறிவேப்பிலைச் செடியை நியூ ஜெர்சியிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வருவது நல்லது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் கெடுபிடி அதிகம். குடியேறிய 10 நாளுக்குள் லைசென்ஸுக்கும், 20 நாளுக்குள் கார் பதிவுக்கும் டிஎம்வி (நம் ஊர் ஆர்டிஓ மாதிரி அலுவலகம்) போக வேண்டும், அப்பாயின்ட்மென்ட்டை வழியிலேயே போட்டுவிடுங்கள்.