‘ஜோன்’ என்றால் ஆள் இல்லை: கனடாவில் நடமாடும் கழிப்பறையின் பெயர்கள்

நான் வேலை செய்த ஒரு கட்டட வேலைத்தளத்தில் ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர் சேர்ந்தார். முதல் நாள் போர்மன் (வேலை மேற்பார்வையாளர்) அவரிடம், “ஜோன் ட்ரெய்லருக்குப் பின்னால் இருக்கிறது” என்று சொல்லியிருக்கிறார். ஜோன் யாரோ மேலாளர் என்று தம்பி நினைத்துவிட்டார். வேறு யாரிடமும் கேட்க வெட்கம். மத்தியானம் வரை அடக்கிக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்திருக்கிறார். அது எனக்கு இன்றும் மனதை உறுத்துகிறது.

ஜோன் என்பது வட அமெரிக்கப் பேச்சில் கழிப்பறைக்கு உள்ள பழைய பெயர். வேலைத்தளத்தில் நிற்கும் அந்தப் பிளாஸ்டிக் கூண்டை போர்ட்டா ஜோன் என்பார்கள். நான் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அதைவிட அதிகம் காதில் விழுவது போர்ட்டா பொட்டி. பொட்டி என்றால் குழந்தைகளை இருத்தும் கழிப்புச் சட்டி. சிலர் ஜோனி ஒன் த ஸ்பொட் என்றும் சொல்வார்கள். ஒன்றும் நினைவுக்கு வராவிட்டால், “வோஷ்ரூம் எங்கே?” என்று கேளுங்கள். கனடாவில் எங்கும் செல்லும் சொல் அதுதான், மரியாதையானதும்கூட. ஊரில் நாம் சொல்லும் கக்கூஸே ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேட்பது உங்கள் உரிமையும்தான். ஒன்ராறியோவின் கட்டட வேலைத்தள ஒழுங்குவிதி 213/91 படி, 15 வேலையாட்கள் வரை ஒரு கழிப்பறை வேண்டும்; 30 பேர் வரை இரண்டு. 2023 ஜூலை 1 முதல், ஐந்து கழிப்பறையோ அதற்கு மேலோ வைக்கவேண்டிய தளங்களில் ஒன்றாவது பெண்களுக்கென்று தனியாக இருக்கவேண்டும். தங்கைமாரே, அது இல்லாவிட்டால் தயங்காமல் கேளுங்கள். அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று வரலாம்.

உள்ளே போகுமுன் பூட்டைப் பாருங்கள்: பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் ஆள் இருக்கிறார். தொட்டியில் தெரியும் நீலத் தண்ணீர் மணத்தை அடக்கும் மருந்து. இருக்கையின் மேல் ஏறிக் குந்தாதீர்கள், பிளாஸ்டிக் உடைந்து காயப்படலாம். கழுவிப் பழகியவர்கள் சின்னப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோகலாம், ஆனால் தரையில் சிந்தாமல் பாருங்கள். குளிர்காலத்தில் அது உறைந்து அடுத்து வருபவரை வழுக்கிவிடும். ஈரத்துடைப்பான்களைத் தொட்டிக்குள் போடவேண்டாம், உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொள்ளும். உறிஞ்ச வரும் லொறிக்குப் பெயர் ஹனி வேகன். பெயரில் தேன் இருந்தாலும் அது வரும்போது சாப்பாட்டுப் பெட்டியோடு தள்ளி நில்லுங்கள்.

ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்காவுக்குக் காட்டுக்குள் முகாமிடப் போனால் இன்னொரு பெயர்: தண்டர் பொக்ஸ். குழிக்கு மேல் மூடியோடு ஒரு மரப்பெட்டி. சுவரும் இல்லை, கூரையும் இல்லை. பூங்காவில் வாகனத்தோடு போய்த் தங்கும் முகாம்களில் ‘கம்ஃபர்ட் ஸ்டேஷன்’ என்ற பலகை கண்டால், அங்கே தண்ணீர் ஓடும் கழிப்பறை இருக்கும்; பல இடங்களில் குளிக்கவும் வசதி உண்டு.

அப்புறம், லண்டனில் இருக்கும் உறவினர் இதையே போர்ட்டலூ என்பார்கள், ஜெர்மனியில் இருப்பவர்கள் டிக்ஸி என்பார்கள். இரண்டும் வணிகப் பெயர்கள். பேச்சில் பொதுப் பெயராகிவிட்டன.