ஒதுங்க எங்கே இடம்? குப்பை வண்டியோடு வருகிறவர்களுக்கு வசதி செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று வருடத்துக்கு முன்பு, சேலத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கம் குப்பை எடுக்க வருகிறவர்களுக்காக ஓர் ஏற்பாடு செய்தது. தெருமுனை வேப்பமரத்தடியில் பெரிய தண்ணீர் கேன், சங்கிலியில் கட்டிய எவர்சில்வர் டம்ளர், 'தூய்மைப் பணியாளர்களுக்கு மட்டும்' என்று ஒரு போர்டு. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, எங்களை நாங்களே பாராட்டிக்கொண்டோம். இரண்டு வாரத்தில் கேனுக்குள் பாசி படிந்ததுதான் மிச்சம். யாருமே குடிக்கவில்லை. செயலாளர் என்கிற தோரணையில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பேட்டரி வண்டி ஓட்டி வரும் அக்காவிடம் கேட்டும் விட்டேன். "தண்ணி குடிச்சா ஒதுங்கணுமுங்க. இந்த ரவுண்டுல ஒதுங்க எங்கீங்க எடம் இருக்கு?" என்றார்.

சரி, என்னதான் நடக்கிறது என்று ஒரு நாள் வண்டியோடு நானும் நடந்தேன். விடிகாலை மஸ்டர் (வருகைப் பதிவு) போட்டுவிட்டுக் கிளம்பினால், திரும்ப வார்டு ஆபீஸ் பக்கம் தலை காட்டுவது மதியம்தான். கழிப்பறை, குழாய், மின்விசிறி எல்லாம் இருப்பது அந்த ஆபீஸில். பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது: வசதி கட்டிடத்தில் இருக்கிறது, வேலை தெருவில் நடக்கிறது. 'ஒரு கழிப்பறை இருக்கிறது' என்று ரெஜிஸ்டரில் எழுதிவிடலாம். அவசரம் ஒன்பதரை மணிக்கு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி வரும்போது அந்த எழுத்தால் என்ன பிரயோஜனம்?

4 மண்டலம், 60 வார்டு உள்ள ஊரில் ஒவ்வொரு ரவுண்டும் ஒவ்வொரு மாதிரி. செவ்வாய்ப்பேட்டை சந்துகளில் வண்டி நகரவே நேரமாகும். அழகாபுரத்தில் தெரு அகலம், ஆனால் நிழலே கிடையாது. அதனால் எதையாவது கட்டுவதற்கு முன்னால் ஒருவர் கடிகாரத்தோடு கூட நடக்க வேண்டும். எட்டரைக்கு வண்டி எங்கே, பத்து மணிக்கு எங்கே, எங்கே நின்று சாப்பிடுகிறார்கள் என்று குறிக்க வேண்டும். சின்ன வண்டிகளின் குப்பையைப் பெரிய வண்டிக்கு மாற்றும் இடம் ஒன்று ஒவ்வொரு வார்டிலும் இருக்கும். எல்லாரும் தினமும் வந்தே தீர வேண்டிய இடம் அது. குழாயும் கழிப்பறையும் வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நான் பார்த்த இடங்களில் அங்கே இருந்தது ஒரு சுவரும் நான்கு நாயும்தான். செட்டிச்சாவடி குப்பைக் கிடங்கு வரை லாரி ஓட்டிப் போகிற டிரைவரைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. அவர் தெருவிலும் இல்லை, ஆபீஸிலும் இல்லை.

கழிப்பறை விஷயத்தில் அடுத்த சறுக்கல், 'பக்கத்தில்தான் பொதுக் கழிப்பறை இருக்கிறதே' என்பது. அது எத்தனை மணிக்குத் திறக்கிறது? காசு கேட்கிறார்களா? பெண்கள் பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? அழுக்குச் சீருடையோடு போனால் உள்ளே விடுகிறார்களா? கடைசிக் கேள்விக்கு 'ஏன் விடமாட்டார்கள்' என்று நீங்கள் கேட்டால், யாராவது ஒரு அக்காவிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். தனியாக என்பது முக்கியம். மேஸ்திரியும் ஆண்களும் சுற்றி நிற்க, 'உங்களுக்கு என்னம்மா குறை' என்று கேட்டால் 'ஒண்ணுமில்லீங்க' என்ற பதில்தான் வரும். மாதவிடாய் நாளில் நாப்கின் மாற்ற இடமில்லை என்பதைக் கூட்டத்தில் யார் சொல்வார்கள்? சேலத்துக் கோடையில், வெயில் 40 டிகிரியைத் தொடுகிற நாளிலும் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, கல் எல்லாம் அதன் வட்டி.

நாங்கள் ஒரு கல்யாண மண்டபத்துக்காரரிடம் பேசி, வெளிப்பக்கக் கழிப்பறையைக் காலையில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வாங்கினோம். அதிலும் கோட்டை விட்டோம். சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. ராத்திரி டியூட்டி முடிந்து ஏழு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அப்புறம் வாட்ச்மேனே மாறினார். புதியவருக்கு எதுவும் தெரியாது, விரட்டிவிட்டார். முகம் பார்த்துச் செய்யும் ஏற்பாடு முகம் மாறினால் போச்சு. இரண்டு வரியில் எழுதி வாங்கி, ஒரு சாவியை வண்டியிலேயே மாட்டிய பிறகுதான் சீரானது.

அந்தத் தண்ணீர் கேனை யாரும் தொடாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, எனக்குத்தான் உறைக்க நாளானது. டீக்கடையில் இரட்டைக் குவளை பார்த்த ஊர்க்காரர்களுக்கு, சங்கிலி டம்ளரும் 'மட்டும்' என்ற போர்டும் என்ன சொல்லியிருக்கும்? இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. போர்டைக் கழற்றினோம். மண்பானை வைத்தோம். இப்போது கூரியர் தம்பியும் குடிக்கிறார், நானும் குடிக்கிறேன், அவர்களும் குடிக்கிறார்கள்.

கை கழுவுவதற்குப் பதில் சானிடைசர் பாட்டில் கொடுப்பது கொரோனா காலத்தில் பிடித்த பழக்கம். சுத்தமான கையில் அது நன்றாக வேலை செய்யும். எண்ணெயும் மண்ணும் சாம்பாரும் பூசிய கையில் செய்யாது. பீட்ரூட் துருவல் வைத்துத் தரும் தட்டுவடை செட் கடைத் தட்டுகளை அள்ளிய கையை நினைத்துப் பாருங்கள். பீட்ரூட் சாயம்கூடப் போகாது, கிருமி போகுமா? சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். வண்டியின் பின்னால் குழாய் வைத்த 10 லிட்டர் கேன், வலைப்பையில் ஒரு சோப்பு: இவ்வளவுதான் செலவு. முழங்கையால் தள்ளித் திறக்கிற குழாயாக இருந்தால் இன்னும் நல்லது. 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்களுக்கு இலவச உணவு, முதலில் சென்னையில், என்று அரசு அறிவித்தது. நல்ல காரியம். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைப்பதும் நல்ல காரியம். ஆனால் அந்த இட்லியைப் பிட்டுச் சாப்பிடும் கையைக் கழுவ எங்கே போவது என்பதும் சேர்ந்ததுதானே உணவு?

கழுவுமிடம் வெறும் நாகரிகத்துக்காக அல்ல. எலி மூத்திரம் கலந்த ஈரம், கால் கை வெடிப்பு வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சலுக்குப் போகும்போது என்ன வேலை என்பதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். குப்பையில் கிடக்கும் ஊசி குத்தினால், ரத்தத்தைப் பிதுக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். 2 மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது. 'ரவுண்டு முடியட்டும், சாயங்காலம் பார்க்கலாம்' என்று மேஸ்திரி சொல்வது பெரிய தவறு. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசி போட்டதோடு மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

கையுறையும் அப்படித்தான். கையுறை, காலணி, முகக்கவசம், ஒளிரும் மேலங்கி, மழைக்கோட்டு எல்லாம் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. ஒரே சைஸில் மொத்தமாக வாங்கி வந்தால், பெண்கள் கையில் அது நிற்காது. அப்புறம் 'கொடுத்தால் போடவே மாட்டேன் என்கிறார்கள்' என்று ஒரு புகார்.

சேலத்துக்குப் போட்ட திட்டத்தை 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காட்டுக்கு அப்படியே கொண்டுபோவது தனித் தவறு. கீழே எதிரி வெயில். 1,500 மீட்டர் உயரத்தில் எதிரி ஈரம். மலைக் கிராம ஊராட்சிகளில் வேலை செய்யும் தூய்மைக் காவலர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்தால் மட்டும் போதாது. நனைந்த கோட்டும் பூட்ஸும் ராத்திரிக்குள் காய இடம் வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலைப் பனியில் அதே ஈரத்துக்குள் காலை விட வேண்டும். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். இரண்டு ஜோடி, ஒரு கொடிக்கயிறு, மேலே ஒரு தகரக் கூரை. ஒரு ஃபிளாஸ்க் சூடான டீயும் இருந்தால் நன்றாக இருக்கும். மலையில் வண்டியில் டிபன் பாக்ஸைத் தொங்கவிடவும் முடியாது, குரங்கு விடாது. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில், கழிப்பறை வரிசையில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பின்னால் அந்த இடத்தைச் சுத்தம் செய்கிறவர்களே நிற்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கென்று ஒரு கதவை ஒதுக்கி வைக்க விழாவுக்கு முன்பே யாராவது நினைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, 'ஆளெல்லாம் கான்ட்ராக்ட், அது கான்ட்ராக்டர் பாடு' என்ற பதில். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில்கூட அதற்கு இடமில்லை. குடிநீர், கழிப்பறை, கழுவுமிடம், முதலுதவி எல்லாம் ஒப்பந்ததாரர் செய்து தர வேண்டும்; அவர் செய்யாவிட்டால், ஒப்பந்தம் கொடுத்தவர் செய்துவிட்டுச் செலவை அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றது அது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்தச் சுற்றுவழியையும் எடுத்துவிட்டு, நலவசதிப் பொறுப்பை நேராக முதன்மை வேலையளிப்பவர், அதாவது ஒப்பந்தம் கொடுத்தவர் தலையிலேயே வைத்திருக்கிறது. டெண்டர் எழுதும்போதே இதற்கும் ஒரு தொகை போடாவிட்டால், பிறகு யாரைக் கேட்டாலும் மற்றவரைத்தான் கை காட்டுவார்கள்.

எங்கள் மண்டபச் சாவி இப்போதும் வண்டியில்தான் தொங்குகிறது. ஆனால் முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம் வந்துவிடும், அந்தக் கதவைத் திறக்க முடியாது. குப்பை அதிகம் சேர்வதும் அன்றைக்குத்தான். ஆவணி பிறப்பதற்குள் இரண்டாவதாக ஓர் இடம் பிடிக்க வேண்டும். எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்; எழுதிக் கொடுக்கச் சொல்லித்தான்.