ஏசி, ஹீட்டிங் தொழிலில் மேலாளராகப் பயிற்சி எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஏசி, ஹீட்டிங், வென்டிலேஷன் தொழிலில் மேலாளர் ஆகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறார்கள். பல வருடம் ஸ்பானர் பிடித்த நல்ல மெக்கானிக்கை, கைவேலை சுத்தம் என்பதற்காக நிறுவனமே சூப்பர்வைசர் ஆக்கிவிடும். இல்லையென்றால் பொறியியலோ நிர்வாகப் படிப்போ முடித்தவர் நேராக மேசைக்கு வருவார். முன்னவருக்குக் கணக்கும் ஆட்களை நடத்துவதும் கஷ்டம். பின்னவர் சைட்டில் என்ன நடந்தது என்று தெரியாமலே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவார். இரண்டு பேருக்கும் பயிற்சி தேவை, ஆனால் ஒரே பயிற்சி அல்ல.

இந்தத் தொழிலில் செய்த தவறு உடனே தெரியாது. பைப்புக்குள் தங்கிய ஈரம் மாதக்கணக்கில் எண்ணெயைக் கெடுத்து, பிறகுதான் கம்ப்ரசரைத் தின்னும். அளவு தப்பிய மெஷின்கூட மாட்டிய அன்றைக்கு ஜில்லென்றுதான் காற்றடிக்கும். கோளாறு வெளியே வரும்போது மேலாளர் வேறு எங்கோ இருப்பார். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் வேலை சரியாக நடப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதே நீங்கள் கற்க வேண்டிய முக்கியமான பாடம். நான் பார்க்கும் பயிற்சித் தவறுகள் பெரும்பாலும் இதை மறந்ததால் வருகிறவை.

களத்தைத் தாண்டிக் குதிப்பது

மேலாண்மைச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும், களத்தில் கிடக்க வேண்டியதில்லை என்று நினைப்பதுதான் இதில் பெரிய தவறு. பல நாடுகளில் இந்தத் தொழிலுக்கான முறையான தொழில் பழகுநர் பயிற்சியே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை நீள்கிறது. மேலாளராகப் போகிறவர் அத்தனை ஆண்டுகளும் பைப் வளைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருகிப்போன கம்ப்ரசரை மாற்றிய பிறகு அந்த லைனைச் சுத்தம் செய்வது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை என்று கண்ணால் பார்க்காதவர், அந்த வேலைக்கு இரண்டு மணி நேரம் என்று எழுதிவிடுவார். மெக்கானிக் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்ப்பார். விடுபடுவது சுத்தம் செய்யும் வேலையாகத்தான் இருக்கும்.

இன்னொரு பக்கம், குளிரூட்டலை மட்டும் பழகிவிட்டுச் சூடேற்றலை விட்டுவிடுகிறார்கள். இப்போது ஒரே ஹீட் பம்ப் இரண்டு வேலையையும் செய்கிறது. பாய்லர், ஃபர்னஸ் பக்கம் போனால் எரிபொருள் எரிவது, புகைப்போக்கி இழுப்பது, கார்பன் மோனாக்சைடு என்று வேறு உலகம். அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எரியும் வெப்பத்தை அறைக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாத ஆளை அனுப்பினால் ஆபத்து அந்த வீட்டில் தூங்குகிறவர்களுக்கு. டக்ட் (காற்றைக் கொண்டுபோகும் குழாய்), காற்றோட்டம், கன்ட்ரோல் ஒயரிங் ஆகியவையும் அப்படியே விடுபட்டுப் போகின்றன. எல்லாவற்றிலும் நிபுணர் ஆக வேண்டாம். எந்த வேலைக்கு எந்தத் தகுதி உள்ள ஆள் போக வேண்டும் என்று சொல்லும் அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சதுர அடியை வகுத்து டன் சொல்வது

என் பார்வையில் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கிற, அதிகம் மன்னிக்கப்படுகிற தவறு இதுதான். அறையின் சதுர அடியை ஏதோ ஒரு எண்ணால் வகுத்து, சந்தேகத்துக்கு அரை டன் கூட்டி, கொட்டேஷன் கொடுத்துவிடுகிறார்கள். பயிற்சியில் இருப்பவரும் சீனியரைப் பார்த்து அதையே பழகுகிறார்.

ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது ஏறக்குறைய 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்திலிருந்து வந்த அளவு அது. அறைக்கு எத்தனை டன் வேண்டும் என்பதைத் தரைப்பரப்பு மட்டும் சொல்லாது. கண்ணாடி எந்தத் திசையைப் பார்க்கிறது, மேல்தளத்தில் இன்சுலேஷன் உண்டா, வெளிக்காற்று எவ்வளவு உள்ளே வருகிறது, எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று அத்தனையும் பார்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவரே 100 வாட்டுக்குமேல் வெப்பம் விடுகிறார், அதில் கணிசமான பங்கு ஈரமாக வெளியேறுகிறது.

அந்த ஈரத்தைத்தான் பெரிய மெஷின் எடுக்காமல் விட்டுவிடும். அளவுக்கு மீறிய மெஷின் சில நிமிடங்களிலேயே அறையைத் தெர்மோஸ்டாட் சொன்ன அளவுக்குக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடுகிறது. காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) நீர் திரண்டு சொட்டி வடிகாலுக்குப் போக அவகாசம் இல்லை. கம்ப்ரசர் நின்ற பிறகும் ஃபேன் ஓடினால், காயிலில் ஒட்டியிருந்த நீர் திரும்ப அறைக்குள்ளேயே ஆவியாகிறது. அறை குளிராக இருக்கும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும். வாடிக்கையாளர் இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார், மின்கட்டணம் ஏறும், கடைசியில் "இந்தக் கம்பெனி மெஷினே சரியில்லை" என்பார். அடிக்கடி நின்று ஓடுவதால் கம்ப்ரசரும் சீக்கிரம் தேயும். இன்வெர்ட்டர் மெஷின்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு இதை ஓரளவு சமாளிக்கும் என்பது உண்மை. ஆனால் அவற்றுக்கும் ஒரு குறைந்தபட்ச எல்லை உண்டு, அதற்குக் கீழே அவையும் நின்று நின்றுதான் ஓடும். ஹீட்டிங்கிலும் கதை இதுவே. தேவைக்கு மீறிய பாய்லர் அடிக்கடி பற்றவைத்து அணைவதிலேயே எரிபொருளை வீணாக்கும்.

ஆகவே, பயிற்சிக் காலத்திலேயே வெப்பச் சுமைக் கணக்கை முதலில் கையால் போட்டுப் பழகுங்கள், மென்பொருளுக்குப் பிறகு போகலாம். சைக்ரோமெட்ரிக் சார்ட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். காற்றின் வெப்பமும் ஈரமும் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்பதை அந்த ஒரு தாள் காட்டுவதுபோல வேறு எதுவும் காட்டாது. நவீன ஏசிக்கு வித்திட்ட வில்லிஸ் கேரியர் 1902-ல் ஒரு அச்சகத்துக்காக எடுத்துக்கொண்ட பிரச்சினையும் ஈரப்பதம்தான். கணக்குப் போட்ட பிறகு டக்டையும் பாருங்கள். ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 400 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று காயிலின் மேல் போக வேண்டும் என்பது பொதுவான வடிவமைப்பு அளவு. மெஷின் அளவு சரியாக இருந்து டக்ட் குறுகலாக இருந்தால் அத்தனை கணக்கும் வீண்.

அளக்காமல் "ஆச்சு" என்று நம்புவது

"வேக்குவம் போட்டாச்சா?" என்று கேட்டால் "போட்டாச்சு சார்" என்றுதான் பதில் வரும். கேஸ் ஏற்றும் முன் பைப்பிலிருந்து காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பதுதான் வேக்குவம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் "அரை மணி நேரம்" என்பார்கள். அந்த அரை மணி நேரத்தை வைத்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. பம்ப் பழையதாக இருக்கலாம், ஹோஸ் கசியலாம், லைன் நீளமாக இருக்கலாம். வேக்குவத்தின் ஆழத்தை அளக்கும் மைக்ரான் கேஜில் 500-க்குக் கீழே இறங்கியதா, பம்ப்பை லைனிலிருந்து பிரித்த பிறகு அந்த அளவு நிற்கிறதா ஏறுகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஏறிக்கொண்டே போனால் கசிவு. கொஞ்சம் ஏறி ஒரு இடத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. சாதாரண மேனிஃபோல்ட் பிரஷர் கேஜ் இந்த வித்தியாசத்தைக் காட்டவே காட்டாது.

பிரேஸிங் (உலோகத்தை உருக்கிப் பைப்புகளை ஒட்டுவது) செய்யும்போது உள்ளே நைட்ரஜன் ஓட்டினார்களா என்பதும் இதே ரகம். ஓட்டாவிட்டால் செம்புப் பைப்பின் உட்சுவரில் கருப்புச் செதில் படியும். அது பிறகு உதிர்ந்து கேஸ் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். கேஸ் சார்ஜையும், அதாவது மெஷினில் கேஸ் சரியான அளவு இருக்கிறதா என்பதையும், பைப்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. சூப்பர்ஹீட் (ஆவியான கேஸ் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறிய அளவு), சப்கூலிங் (திரவமான கேஸ் அதற்குக் கீழே குளிர்ந்த அளவு) எண்கள் சொல்லும். பிரஷர் டெஸ்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டினால் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். இதை ஒவ்வொரு புது ஆளிடமும் முதல் நாளே சொல்ல வேண்டும், தெரிந்திருக்கும் என்று விட்டுவிடக் கூடாது.

பயிற்சியில் இருக்கும்போதே ஒரு பக்கத்தில் அடங்கும் கமிஷனிங் (மெஷினை ஓட்டிச் சோதித்து ஒப்படைக்கும்) படிவத்தை நீங்களே தயாரியுங்கள். மைக்ரான் அளவு, சூப்பர்ஹீட், சப்கூலிங், சப்ளை, ரிட்டர்ன் காற்றின் வெப்பநிலை, மோட்டார் ஆம்பியர், சேர்த்த கேஸின் எடை ஆகியவை இருந்தால் போதும். அந்தப் படிவம் வராமல் வேலை முடிந்ததாகக் கணக்கில் ஏறக் கூடாது. நீங்கள் போகாத சைட்டில் உங்கள் கண்ணாக இருக்கப்போவது அந்தத் தாள்தான்.

பழைய கேஸின் பழக்கத்தைப் புதிய கேஸுக்குக் கொண்டுபோவது

ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் வந்த மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஆர்-22 போன்ற குளிரூட்டும் வாயுக்களைப் படிப்படியாக ஓரங்கட்டியது. 2016-ல் அதில் சேர்ந்த கிகாலி திருத்தம் 2019 முதல் நடைமுறைக்கு வந்தது. அது புவி வெப்பமாதலுக்குக் காரணமான, அவற்றுக்கு மாற்றாக வந்த எச்.எஃப்.சி. வாயுக்களைக் குறைக்கச் சொல்கிறது. ஆர்-410ஏ வாயுவின் வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல 2,000 மடங்குக்கும் மேல். ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆர்-290 என்கிற புரொப்பேனின் திறன் மிகச் சொற்பம்.

ஆனால் புதியவை பற்றும். ஆர்-32 லேசாகத் தீப்பற்றும் ஏ2எல் வகை. புரொப்பேன் எளிதில் தீப்பற்றும் ஏ3 வகை, காற்றில் 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே பற்றக்கூடியது. காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு படியும். சுடர் வைத்துக் கசிவு தேடுவது, கேஸைத் திரும்ப உறிஞ்சி எடுக்கும் பழைய ரெக்கவரி மெஷினையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது, ஒரு கேஸ் இருந்த மெஷினில் வேறு கேஸை அடித்துப் பார்ப்பது போன்ற பழக்கங்கள் இங்கே உயிரைக் கேட்கும். நல்ல அனுபவசாலிகளிடம்தான் இவை ஊறிப்போயிருக்கின்றன. தன்னைவிட மூத்த மெக்கானிக்கிடம் "இதை இனி இப்படிச் செய்யக் கூடாது" என்று மரியாதையோடும் உறுதியோடும் சொல்லக் கற்பதும் மேலாளரின் பயிற்சிதான். கேஸைக் கையாள எந்த உரிமம் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை நீங்கள் முதலில் வாங்குங்கள், பிறகு உங்கள் ஆட்களை வாங்க வையுங்கள்.

பெரிய கட்டடங்களில் கூலிங் டவர் (ஏசியின் வெப்பத்தைத் தண்ணீர் மூலம் வெளியேற்றும் அமைப்பு) இருந்தால் தண்ணீரும் உங்கள் பொறுப்பு. 1976-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவிய நிமோனியாவை ஆராய்ந்தபோதுதான் இப்படிப்பட்ட தண்ணீரில் வளரக்கூடிய லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா அடையாளம் காணப்பட்டது. டவரில் பாசி பிடித்திருந்தால் அழகுக் குறை என்று விட்டுவிட முடியாது.

கணக்கை அக்கவுண்டன்ட் பார்த்துக்கொள்வார் என்று விடுவது

கைவேலை தெரிந்தவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இது. ஒரு வேலைக்குப் பொருளும் கூலியும் சேர்த்து 8,000 செலவு என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீதம் லாபம் வேண்டும் என்று 2,000 சேர்த்து 10,000-க்குக் கொட்டேஷன் கொடுக்கிறீர்கள். விற்பனையில் உங்கள் பங்கு 20 சதவீதம்தான், 25 அல்ல. அலுவலக வாடகை, வண்டி, காப்பீடு, போன், உங்கள் சம்பளம் எல்லாம் சேர்ந்து விற்பனையில் 22 சதவீதம் ஆகிறதென்றால், ஒவ்வொரு வேலையிலும் 200 கைநஷ்டம். வேலை அதிகமாக அதிகமாக நஷ்டமும் கூடும், ஆனால் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பதால் யாருக்கும் தெரியாது. விற்பனையில் 25 சதவீதம் வேண்டுமானால் 8,000-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும், விலை 10,667 வரும்.

நேரக் கணக்கும் இப்படித்தான். எட்டு மணி நேரச் சம்பளம் வாங்கும் மெக்கானிக்குக்குப் பயணம், பொருள் வாங்கல், காத்திருப்பு போக ஐந்து மணி நேரம்தான் வாடிக்கையாளரிடம் பில் போட முடிகிறது என்றால், ஒரு மணி நேரத்தின் உண்மையான அடக்கம் சம்பளத்தைப்போல 1.6 மடங்கு. இதோடு ரிப்பீட் கம்ப்ளைன்ட் சேரும். ஒரே கோளாறுக்கு இரண்டாம் முறை போகும் பயணத்துக்குப் பில் கிடையாது, அந்த நேரத்தில் போயிருக்க வேண்டிய வேலையும் போச்சு. அதனால் ரிப்பீட் கம்ப்ளைன்ட்டைத் தனிப் பதிவேட்டில் எழுதிக் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். யாரைத் திட்டலாம் என்று பார்க்காமல், எந்த வேலையைக் கற்றுக்கொடுக்கவில்லை என்று பாருங்கள்.

ஸ்பானரைப் பிடுங்குவது

ஜூனியர் தடுமாறும்போது அவர் கையில் இருப்பதை வாங்கிப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போகும் சூப்பர்வைசர் தன்னைத் திறமைசாலி என்று நினைக்கிறார். அந்த ஜூனியர் அடுத்த முறையும் அவருக்குத்தான் போன் அடிப்பார். சீசன் உச்சத்தில் இருபது புகார் ஒரே காலையில் வரும்போது அத்தனைக்கும் ஒரே ஆள் ஓட முடியாது. கூட்டம் குறைந்த மாதங்களில் பயிற்சியும் பராமரிப்பு ஒப்பந்தங்களின் சர்வீஸும் வைத்துக்கொள்வதை இப்போதே பழகிவிடுங்கள். உச்ச மாதத்தில் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது

விளம்பரத்தில் இருக்கும் வேலைவாய்ப்பு வாக்குறுதியை விட்டுவிட்டு வொர்க்‌ஷாப்பைப் போய்ப் பாருங்கள். ஓடுகிற மெஷின்கள் இருக்கின்றனவா, ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், தீப்பற்றும் கேஸுக்கான கருவிகள் உண்டா, சூடேற்றும் பக்கம் கற்றுத்தருகிறார்களா, எஸ்டிமேட் பாடத்தை நடத்துகிறவர் உண்மையில் கொட்டேஷன் போட்டவரா என்று கேளுங்கள். உரிமத் தேர்வுக்கு அந்தச் சான்றிதழ் செல்லுமா என்பதைப் பள்ளியிடம் கேட்காமல் உரிமம் வழங்கும் அலுவலகத்திடமே கேளுங்கள். முடிந்தால் ஒரே வேலையை அளவெடுப்பதிலிருந்து கொட்டேஷன், ஆள் ஒதுக்கீடு, கமிஷனிங், பில் வரை நீங்களே கொண்டுபோக அனுமதிக்கும் இடமாகப் பாருங்கள். படிப்பு முடிந்த பிறகும் அந்த மெஷினுக்கு என்னென்ன புகார் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.