குற்ற விகிதத்தை நம்பி வீடு தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

புது இடத்தில் வீடு பார்க்கும்போது "ஏரியா பாதுகாப்பானதா?" என்று கேட்காதவர்கள் இல்லை. இந்தக் கேள்விக்கு இப்போது பலரும் எண்ணில் பதில் தேடுகிறார்கள். ஒரு லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று ஒரு கணக்கு கிடைக்கிறது. பக்கத்து ஏரியாவின் கணக்கு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் நம் வீட்டுக்கு என்ன ஆபத்து என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அதில் பதில் இருப்பதில்லை.

காரணம் எளிது. பதிவான குற்றங்களை அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு லட்சத்தால் பெருக்கினால் வருவதுதான் குற்ற விகிதம். ரயில் நிலையமும் கடைவீதியும் உள்ள ஒரு பகுதியில் ஐயாயிரம் பேர் குடியிருக்கிறார்கள், பகலில் ஐம்பதாயிரம் பேர் வந்து போகிறார்கள் என்று வையுங்கள். கடைவீதியில் பர்ஸைப் பறிகொடுத்த வெளியூர்க்காரரின் திருட்டு இந்தப் பகுதியின் கணக்கில் ஏறும், அவருடைய தலை ஏறாது. அங்கே வீட்டுக்குள் தூங்குபவருக்கு எந்த ஆபத்தும் கூடியிருக்காது, விகிதம் மட்டும் வானத்தில் நிற்கும்.

சின்னக் குடியிருப்புகளில் வேறொரு வேடிக்கை. இரண்டாயிரம் பேர் வாழும் இடத்தில் போன வருடம் இரண்டு வீடுகளில் திருட்டு, இந்த வருடம் நான்கு. லட்சத்துக்கு 100 என்பது 200 ஆகிவிட்டது, அதாவது "நூறு சதவீத உயர்வு". ஒரே திருடன் ஒரே வாரத்தில் செய்த வேலையாகவும் அது இருக்கலாம். இப்படிப்பட்ட இடங்களுக்கு ஐந்து வருடக் கணக்கையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும். சைக்கிள் திருட்டையும் கொலையையும் ஒரே கூட்டலில் போட்ட "மொத்தக் குற்றம்" என்ற எண்ணைப் பார்க்காமல் விட்டாலும் நஷ்டமில்லை.

இதெல்லாம் பதிவான குற்றங்களின் கதை. பதிவாகாதவை எத்தனை? அமெரிக்காவில் 1970களிலிருந்து வீடு வீடாகக் கேட்டு நடத்தப்படும் ஆய்வு ஒன்று உண்டு. வன்முறைக்கு ஆளானவர்களில் பாதிக்கும் குறைவானவர்களும், பொருள் பறிகொடுத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரும்தான் போலீஸுக்குப் போகிறார்கள் என்று அது திரும்பத் திரும்பக் காட்டுகிறது. கார் திருட்டு மட்டும் பெரும்பாலும் பதிவாகிவிடும், புகார் இல்லாமல் காப்பீட்டுப் பணம் வராதே! ஆகவே புகார் கொடுப்பது எளிதாக இருக்கும் ஊர், காகிதத்தில் குற்றம் மலிந்த ஊராகத் தெரியும். எண்ணுகிற முறையும் சேர்ந்து விளையாடும். ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்தாலும் மிகக் கடுமையானதை மட்டும் கணக்கில் சேர்ப்பது இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வழக்கம். அமெரிக்காவின் எஃப்பிஐயும் 2020 வரை அப்படித்தான் எண்ணியது. அது புது முறைக்கு மாறிய 2021இல் நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற பெரிய நகரங்களின் போலீஸ் துறைகளே தகவல் அனுப்பவில்லை. வரைபடத்தில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால் அங்கே அமைதி நிலவுகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இருப்பதிலேயே பெரிய தவறு, ஏரியா முழுவதையும் ஒரே நிறத்தில் பார்ப்பதுதான். மினியாபொலிஸ் நகரத்தில் போலீஸுக்கு வந்த அழைப்புகளை முகவரி வாரியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1989இல் வெளியானது. நகரத்தின் முகவரிகளில் சுமார் 3 சதவீதத்திலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. வேறு பல நகரங்களிலும் பிறகு இதே போக்குதான் தெரிந்தது. பெயர் கெட்ட ஏரியாவிலும் பெரும்பாலான தெருக்கள் சும்மாதான் இருக்கின்றன. பெயர் பெற்ற ஏரியாவிலும் ஒரு மூலை மட்டும் மோசமாக இருக்கலாம். ஆகவே விசாரிப்பதைத் தெரு அளவில் விசாரியுங்கள். பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கப்போகும் வழியை இரவில் ஒருமுறை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, வீட்டு ஜன்னல்கள் தெருவைப் பார்த்திருக்கின்றனவா, இல்லை முழுக்க மதில் சுவர்தானா? எந்தப் புள்ளிவிவரமும் இதைச் சொல்லாது.

அடுத்தது, ஆபத்து என்றாலே அந்நியர் என்று நினைப்பது. ஐநாவின் கணக்குப்படி 2023இல் உலகம் முழுவதும் திட்டமிட்டுக் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85,000 பேர். அவர்களில் சுமார் 51,100 பேரைக் கொன்றது துணைவர் அல்லது குடும்பத்தார். கேட்டில் பெயர் எழுதி வாங்கினால் இந்த ஆபத்து நிற்காது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களிலோ பார்சல் கொண்டுவரும் பையனின் படம்தான் "சந்தேக நபர்" என்று சுற்றிக்கொண்டிருக்கும். எனக்கு இதில் எரிச்சல்தான் வருகிறது.

"ஒரு தடவை திருடிவிட்டான், இனி வரமாட்டான்" என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. திருட்டு நடந்த வீட்டுக்கும் அதை ஒட்டிய வீடுகளுக்கும் அடுத்த சில வாரங்களில்தான் ஆபத்து அதிகம். உள்ளே நுழையும் வழி திருடனுக்கு இப்போது தெரியும். இங்கிலாந்தில் ராச்டேல் ஊரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களின் நடுவில் இதை வைத்தே ஒரு திட்டம் போட்டார்கள். திருடுபோன வீட்டின் பூட்டுகளைப் பலப்படுத்தினார்கள். சுற்றியுள்ள சில வீட்டாரை அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார்கள். வீடுகளில் காசு போட்டு இயக்கும் மின், எரிவாயு மீட்டர்கள் இருந்தன. அந்தச் சில்லறைக்காகவே திருடர்கள் வந்ததால் அவற்றையும் மாற்றினார்கள். மூன்று ஆண்டுகளில் வீடு புகுந்து திருடுவது ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது.

கேமரா வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். சிசிடிவி பற்றிய நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்த அறிக்கை 2019இல் வந்தது. கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்திருந்தது. வாகன நிறுத்தங்களில் பலன் நன்றாகத் தெரிந்தது, வன்முறையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் கேமரா வைத்தால் அந்தப் பணத்துக்குப் பொருள் உண்டு. ஆனால் அதற்கும் முன்னால் பின்கதவின் தாழ்ப்பாளைப் பாருங்கள், பூட்டாத கதவு வழியாக உள்ளே நுழையும் திருடர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பக்கத்து வீட்டில் திருட்டு என்று கேள்விப்பட்டால், என்ன போனது என்று கேட்பதோடு எந்த வழியாக நுழைந்தான் என்றும் கேளுங்கள். அதே வழி உங்கள் வீட்டிலும் இருந்தால் அன்று மாலையே அடைத்துவிடுங்கள்.